ரசாக் பாய்க்கு விழாத பன்னிரண்டு ஓட்டு

பெரியநாயக்கன்பாளையம்,
14.8.1995

சோமனூரில் தறிப்பட்டறை நடத்தி வரும் மாப்பிள்ளை ஆறுச்சாமி அவர்களுக்கு, உங்கள் அக்கா மாரியாத்தாளின் வீட்டுக்காரன் திருமலைசாமி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி சௌக்கியம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அங்கே தங்கச்சியும் குழந்தைகளும் நலமா, கரண்டு போகாமல் தறிகள் ஓடுகின்றனவா என்பதற்குப் பதில் எழுதவும்.

முதலில் சந்தோஷமான செய்தி. எங்கள் நாடக ரசிகர் சங்கத்தின் இந்த வருஷ விருதில், சிறந்த நடிகருக்கான பரிந்துரைப் பட்டியலில் உங்கள் பெயர் வந்திருக்கிறது. என் மனமார்ந்த வாழ்த்துகள். இந்த வாழ்த்தை நீங்கள் ரொம்ப நேரம் கையில் வைத்திருக்க வேண்டாம், அடுத்த பக்கத்தில் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வேன். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நடந்தது இதுதான். எங்கள் சங்கத்தில் என்னையும் தையல்கடை ரசாக் பாயையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு சீட்டில் ஒரு நடிகரின் பெயரை எழுதி, போட்டது யார் என்று எழுதாமல், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட வேண்டும். இரண்டு ஓட்டாவது வாங்கியவர்கள் பட்டியலுக்கு வருவார்கள், விழா அன்று வருகிற சிறப்பு விருந்தினர் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பொன்னாடை போடுவார். போன செவ்வாய்க்கிழமை காலையில் செயலாளர் கோவிந்தராஜுலு நாயுடு பட்டியலை பஸ் ஸ்டாப் டீக்கடைச் சுவரில் ஒட்டினார். நானும் ரசாக் பாயும் வழக்கம்போல டீக்குப் போனோம். பட்டியலில் நான்கு பெயர். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்த சரவணனுக்கு நான்கு ஓட்டு. மேடையிலிருந்து ஹார்மோனியக்காரர் மடியில் விழுந்த வேலுமணிக்கு மூன்று ஓட்டு. பிணமாகப் படுத்திருந்த நஞ்சுண்டனுக்கு மூன்று ஓட்டு. போலீஸ்காரராக வந்த உங்களுக்கு இரண்டு ஓட்டு. ஒன்பது காட்சி கொண்ட நாடகத்தில் ஒன்பது காட்சியிலும் நடித்த ரசாக் பாய்க்கு ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளை, ஒன்றுமே இல்லை!

நீங்களும் அந்த மேடையில் இருந்தீர்கள், உங்களுக்குத் தெரியாதது இல்லை. செத்துப்போன மகனை மடியில் போட்டுக்கொண்டு ரசாக் பாய் அழுகிற கட்டத்தில் அந்த நஞ்சுண்டன் தும்மினானே, சபை மொத்தமும் கொல்லென்று சிரித்ததே. ரசாக் பாய் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் தோள் துண்டை எடுத்துப் பிணத்தின் மேல் போர்த்தி, "குளிருதா கண்ணு?" என்று கேட்டார். சிரித்த வாயெல்லாம் அப்படியே அடைத்துப் போய், என் பக்கத்தில் இருந்த நாலு பேர் மூக்கைச் சிந்தினார்கள். வேலுமணி விழுந்தபோது கை கொடுத்துத் தூக்கி, "குடிச்சுப்போட்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்று ஒரே வசனத்தில் அவனைக் குடிகாரனாக்கிக் கதைக்குள் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். உங்கள் விஷயத்துக்கு வருவோம். "ஐயா, வண்டி வந்திருச்சுங்க" என்ற ஒரே ஒரு வசனத்தைச் சொல்ல உள்ளே வந்தீர்கள். சல்யூட் அடித்தீர்கள். நின்றீர்கள். சரவணன் திரைக்குப் பின்னாலிருந்து மூன்று முறை எடுத்துக் கொடுத்தது கடைசி வரிசைக்கே கேட்டது, உங்களுக்குக் கேட்கவில்லை. ரசாக் பாய்தான், "வண்டி வந்திருச்சா? செரி போ, நானே வாரேன்" என்று உங்களைக் காப்பாற்றி அனுப்பினார். இந்தப் பட்டியலில் இருக்கிற நான்கு பேரையும் கரை சேர்த்தது அவர் ஒருவர்.

அப்பேர்ப்பட்டவர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார், பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். "டீ சொல்லட்டுங்களா பாய்?" என்றேன். "வேண்டாமுங்க கவுண்டரே, கடையில துணி வெட்டறதுக்கு நேரமாச்சு" என்று தையல் கடைக்கு நடந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக எந்த நாடகத்துக்குப் போனாலும், அவர் நடிக்காத நாளில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்தத் தெருவில் அவர் முதுகைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் போனதுதான் தாமதம், டீக்கடையில் சண்டை கிளம்பிவிட்டது. நடிக்காத சரவணனுக்கு நடிகர் விருதா என்று ஒருவர் கேட்க, மற்ற எல்லாருடைய வசனத்தையும் அவன்தானே சத்தமாகச் சொன்னான் என்று இன்னொருவர் சொல்ல, பிணம் தும்மியதை நடிப்பில் சேர்ப்பதா கூடாதா என்று மூன்றாமவர் கேட்க, இரண்டு டவுன் பஸ் போய்விட்டது, ஒருவரும் ஏறவில்லை. எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான். நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய், "என்னங்க இது அநியாயம், நான் பாய்க்குப் போட்ட ஓட்டு எங்கீங்க போச்சு? சீட்டை எல்லாரு முன்னாடியும் பிரிச்சுக் காட்டோணும்" என்று மேசையைத் தட்டினேன். நாயுடு பயந்துபோய் வியாழக்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு ரசாக் பாயும் வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாயுடு ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். சரவணன் பெயர் வந்ததும் தலைமையாசிரியர் எழுந்து, "அதை எழுதுனது நானுங்க. பாய்க்கு எப்படியும் எல்லாரும் போட்டுருவாங்க. பாவம், ரெண்டரை மணி நேரம் முகமே தெரியாம கத்துன பையனுக்கு யாரு போடுவாங்க, மனசு நோகுமேன்னு போட்டேன்" என்றார். அடுத்த சீட்டுக்கு அரிசிக்கடைக்காரர் எழுந்தார். வேலுமணிக்கு இடுப்பில் கட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று போட்டாராம், பாய்க்குத்தான் மற்ற பதினொரு பேர் இருக்கிறார்களே என்றார். நஞ்சுண்டனுக்குப் போட்டவர், ரெண்டு காட்சி முழுக்கக் கொசுக்கடியில் அசையாமல் கிடந்தவனை விட்டுவிட மனசு வரவில்லை என்றார். மாப்பிள்ளை, நம்ம ஊர்க்காரர்கள் மரியாதையைக் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறார்கள் பார்த்தீர்களா? யார் மனசும் நோகக் கூடாது என்று ஆளாளுக்கு இரக்கப்பட்டு, இரக்கமே தேவைப்படாத ஒரு மனுஷரை நட்டாற்றில் விட்டுவிட்டார்கள். நான் எழுந்து நின்று, "உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லீங்களா? கலைக்கு ஓட்டுப் போடச் சொன்னா கருணைக்குப் போடறதா?" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது. கை தட்டினார்கள்.

அப்போது நாயுடு பதினோராவது சீட்டைப் பிரித்தார். "ஆறுச்சாமி, சோமனூர்" என்று படித்தார். பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "எண்ணறப்போ பேரை மட்டும்தான் பார்த்தனுங்க, கீழே கையெழுத்து இருக்குதுங்களே. தேதி வேற போட்டிருக்குது" என்றார்.

நான் மில்லில் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். லீவுச் சீட்டு, ஷிப்ட் மாற்றும் சீட்டு, கேட் பாஸ் என்று எந்தக் காகிதத் துண்டைக் கண்டாலும் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுத்தான் என் கை மறு வேலை பார்க்கும். ரிட்டையர் ஆன பிறகு மளிகைச் சாமான் சீட்டில்கூடப் போட்டிருக்கிறேன், உங்கள் அக்காவைக் கேளுங்கள். ரகசிய ஓட்டுச் சீட்டில் பட்டையாக "தி. திருமலைசாமி, 2.8.95" என்று போட்டு மடித்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

ஆமாம் மாப்பிள்ளை, உங்களுக்குத்தான் போட்டேன். உங்கள் அக்கா அன்றைக்கு, "என்ற தம்பி பாவம், வசனத்தை மறந்துபோட்டு நின்னானே, அவனுக்கு ஒரு ஓட்டுக் கூட விழாதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். பாய்க்குத்தான் எல்லாரும் போடுவார்களே என்று நானும் நினைத்தேன். நினைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். பட்டியல் வந்த பிறகு மூன்று நாள், அவருக்குத்தான் போட்டேன் என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிந்தேனே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கத்தக் கத்த எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். ரசாக் பாய் எழுந்து, "அதனால என்னங்க கவுண்டரே, மச்சினனுக்குப் போடறதுதானுங்களே முறை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தோடு கூட்டம் கலைந்தது, கடைசிச் சீட்டைப் பிரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் அவர் சம்சாரம் ரம்ஜான் பீவி எங்கள் வீட்டுக்கு வந்து, நான் தைக்கக் கொடுத்திருந்த சட்டைத்துணியை வெட்டாமலே உங்கள் அக்கா கையில் கொடுத்தது. "அவிய இனிமே நடிக்கறதில்லைன்னு சொல்லிப்போட்டாங்க அம்மணி. மூணு நாளா சோறும் செரியா எறங்க மாட்டேங்குது" என்றதாம். உங்கள் அக்கா அன்றிலிருந்து எனக்கு ரசத்தை மட்டும் ஊற்றுகிறாள். "நான் ஒரு பேச்சுக்குக் கேட்டா, நீங்க நெசமாவே போட்டுருவீங்களா? என்ற தம்பி நடிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்கிறாள்.

ஆகவே இப்போது அந்த வாழ்த்தைத் திரும்பக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கண்டவுடன் செயலாளருக்கு, "தறி வேலை அதிகமாக இருப்பதால் விருதுப் பட்டியலிலிருந்து விலகிக்கொள்கிறேன், என் இடத்தில் ஜனாப் ரசாக் அவர்களைச் சேர்க்கவும்" என்று ஒரு கார்டு எழுதிப் போடவும். வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா, அதற்குள் வந்து சேர வேண்டும். உங்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, நீங்கள் நடிகர் என்று சோமனூரில் யாருக்கும் தெரியாது. எனக்கோ இந்த வயதில் இன்னொரு சிநேகிதரைத் தேடிப் பழகி, பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கத் தெம்பு இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் என்னோடு பேசாமல் இருக்கும்போது அவர் வீட்டுத் தெரு வழியாக நடக்கவே எனக்குக் கால் வரவில்லை.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். மழை பெய்து கிணறு ஊறி, நூல் விலை இறங்கி, உங்கள் வீட்டில் எல்லாம் குறைவில்லாமல் நடக்க மருதமலையானை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தி. திருமலைசாமி
14.8.95

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். கார்டு எதுவும் போட வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ரசாக் பாயே சைக்கிளில் வந்து இறங்கினார். "சோமனூருக்கு லெட்டர் எழுதறீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த மனுஷரை விலகச் சொல்லிப்போடாதீங்க, பாவம். அவருக்கு ரெண்டு ஓட்டு. ஒண்ணு உங்களுது. பிரிக்காத அந்தச் சீட்டு என்றதுங்க" என்றார். "உங்க ஓட்டையுமா பாய் அவருக்குப் போட்டீங்க?" என்றேன். "அவரு வசனத்தை விட்டுப்போட்டு நின்னப்ப, முன்வரிசையில நீங்க தலையைக் குனிஞ்சதை மேடையிலிருந்து பார்த்தனுங்க. உங்க தலை அப்படித் தொங்கறது எனக்குப் பொறுக்குலீங்க, அதான் போட்டேன். நீங்களாச்சும் எனக்குப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன், அதுலதான் கொஞ்சம் வருத்தம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை, மறைக்கவில்லை. ஆனது ஆகட்டும், அடுத்த வருஷம் சாமி சத்தியமாக என் ஓட்டு உங்களுக்குத்தான் பாய் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அதற்கு அவர், "அதெல்லாம் வேண்டாமுங்க கவுண்டரே. இத்தனை ரகளைக்கு அப்பறம் அடுத்த வருசம் எனக்கு எல்லாருமே போட்டுருவாங்க. நீங்க பார்த்து, பாவம், வேற யாருக்காச்சும் போடுங்க" என்கிறார்.