வாசலில் நின்று ஊரை அளப்பவர்

மார்ச் 4. பேருந்து நிறுத்தம். மனுக் கட்டணம் 20.
ஜூன் 19. நூலகம். 20.
செப்டம்பர் 2. குழந்தைகள் காப்பகம். 20, நகல் 6.
ஜனவரி 27. நாலு மாடிக் குடியிருப்பு. 20, நகல் 14, போக வர வண்டி 60.

ஒரு மனிதர் தம் நகரத்தின் வளர்ச்சிக்காகச் செய்த செலவில் இது ஒரு பகுதி. வளர்ச்சிக்காகவா? இல்லை, அதை நிறுத்துவதற்காக. கணக்கில் இரண்டும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன.

ஆட்சேபணைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். தெரு நீளமாக இருந்தால் இருவர் இருந்து ஒருவர்மேல் ஒருவர் மனுப் போட்டுக்கொள்வார்கள். ஓய்வு பெற்றவராக இருப்பார், ஆனால் ஓய்ந்திருக்கமாட்டார். சட்டைப்பையில் ஒரு பேனா, அது எழுதாவிட்டால் எழுத இன்னொரு பேனா, வேட்டியோ பேண்ட்டோ எதைப் போட்டாலும் இடுப்பருகே ஓர் இரும்பு டேப். விளக்குக் கம்பத்தில் நகரமைப்பு அலுவலகத்தார் ஒட்டிய அறிவிப்பின் பசை காய்வதற்குள் அதன் முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். 'ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்' என்ற கடைசி வரியை மற்றவர்கள் படிப்பதே இல்லை. அவருக்கோ அது பெயர் போட்டு வந்த அழைப்பிதழ்.

எதற்கும் அவர் விரோதி அல்லர். கேட்டுப் பாருங்கள்.

"நூலகம் வேண்டாம்னா சொன்னேன்? தாராளமா வைக்கட்டும். வேற எங்கயாவது வைக்கட்டும்."

அந்த 'வேற எங்கயாவது' என்னும் பேட்டையைத்தான் நகரமைப்பு அலுவலகம் இத்தனை காலமாக வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது.

இவரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்று கேட்க விரும்புகிறவர்கள், கேள்வியை எழுத்து மூலம் இரண்டு நகல்களுடன் அனுப்பலாம். பதில் வரும் என்று சொல்வதற்கில்லை.

குடிநீர் வாரியத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் எட்டு என்று எழுதினால் அது எட்டு. யாருக்கும் மூன்றாகத் தெரிந்ததில்லை. அங்கே ஓய்வு பெற்ற பிறகு ஊரையே ஒரு பதிவேடாக எடுத்துக்கொண்டுவிட்டார். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அவருக்கென்று முதல் வரிசையில் ஒரு நாற்காலி உண்டு; யாரும் ஒதுக்கவில்லை, ஆனாலும் யாரும் உட்காருவதில்லை. மேடையில் இளம் அதிகாரி வண்ண வரைபடத்தை விரித்து, மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் கடைகள், பச்சை என்றால் பூங்கா என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்திருப்பார்.

"போன கூட்டத்துல இந்த மஞ்சள் இன்னும் கொஞ்சம் வெளிறி இருந்தது."

"அது பிரிண்டர்ல மை தீர்ந்து போயிருந்தது சார்."

"சரி. அதைக் குறிப்புல ஏத்துங்க."

ஏற்றினார்கள். ஏற்றாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அவருடைய மாபெரும் வெற்றி, தெருக்கோடிக் காலி மனையில் வரவிருந்த நாலு மாடிக் குடியிருப்பு. மாடி எடுக்க வேண்டுமானால் தெரு ஆறு மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆறு என்றுதான் அலுவலக வரைபடமும் சொன்னது. வரைபடம் சொன்னால் ஆயிற்றா? நம்மவர் டேப்பை எடுத்தார், அளந்தார், 5.92 என்று மனு எழுதினார். எட்டு சென்டிமீட்டரில் நாலு மாடியும் சரிந்தது. அதோடு அந்தத் தெருவில் இனி யாருக்கும் மாடி கிடையாது என்றும் ஆனது. அன்று தேநீருக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டார், மனைவியும் போட்டார். அந்தக் குடியிருப்பில் வரவிருந்த பதினாறு வீடுகளில் யார் குடிவந்திருப்பார்கள் என்ற யோசனை அவருக்கு வரவில்லை. வராதவர்களுக்கு முகம் கிடையாது, பாருங்கள்.

பிறகு ஒரு நாள், முகம் உள்ள ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவருடைய மகள்.

அவளும் கணவனும் இரண்டு குழந்தைகளும் ஊர் முடியும் இடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். வேலைக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். குழந்தைகள் கண் விழிப்பதற்குள் கிளம்பி, தூங்கிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க மாடியில ரெண்டு ரூம் எடுத்துக்கறோம். லோன் நாங்க பாத்துக்கறோம். டிசம்பரோட அங்க அக்ரிமெண்ட் முடியுது. அதுக்குள்ள அனுமதி மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

"அனுமதிதானே? அந்த ஆபீஸ்ல என்னைத் தெரியாதவங்க யாரு?"

உண்மைதான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விண்ணப்பம் அடுத்த வாரமே திரும்பி வந்தது. படபடவென்று அலுவலகத்துக்குப் போனார்.

"தெரு அகலம் போதலை சார்," என்றார் கோப்புகளைப் பார்க்கும் பெண்மணி.

"வரைபடத்துல ஆறுன்னு இருக்கேம்மா!"

"இருந்தது சார். ஒருத்தர் வந்து இல்லைன்னு நிரூபிச்சுட்டார். பாருங்க, அஞ்சு புள்ளி தொண்ணூத்திரண்டு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

"அது அந்தக் குடியிருப்புக்காகச் சொன்னது."

"தெரு ஒண்ணுதானே சார்?"

அவர் தம் மனுவையே திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்து அந்த அம்மாளுக்கே மனம் இளகிவிட்டது. "அளவுல பிழை வந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இங்கேருந்து யாரும் டேப்பைத் தூக்கிட்டு வரப்போறதில்லை."

பிழையா? அவருடைய அளவிலா? திருடன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை யோசித்திருப்பார்.

"ஒரு வரிதானேப்பா!" என்றாள் மகள், அவர் வீட்டுக்கு வந்து சொன்னதும்.

"அளவு சரி. சரியானதைப் பிழைன்னு எப்படிம்மா எழுதறது?"

"அப்ப உங்க அளவோடவே நீங்க குடித்தனம் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தாள். டேப்பின் ஒரு நுனி அவர் கையில், தம் வாசலில். மறு நுனி அவள் கையில், எதிர்ச் சுவரில். 5.92.

"பாத்தியா?" என்றார். மாடி போனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அவள் நாலு வீடு தள்ளிப் போய் நின்றாள். "இங்க வாங்க." 6.01. தெருமுனையில் 6.02. தபால் பெட்டி அருகே சரியாக ஆறு. இடது பக்கம், வலது பக்கம், எங்கே அளந்தாலும் ஆறுக்குக் குறையவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் குறைந்தது. அவருடைய வாசலில், சுற்றுச்சுவரை ஒட்டி, பிறர் வண்டி உரசாமலிருக்க அவரே கட்டிவைத்த ஐந்து விரற்கடை அகலச் சிமெண்டுத் திட்டில்.

"தெரு ஒண்ணும் சின்னதா இல்லப்பா. நீங்கதான் தெருவுல உக்காந்திருக்கீங்க."

ஊரை அவர் வேறு எங்கிருந்து அளந்திருப்பார், சொல்லுங்கள்! நீளமோ அகலமோ, டேப்பின் பூஜ்யம் அவர் வாசலில்தானே தொடங்கும்?

மேஸ்திரி வந்து அரை மணி நேரத்தில் திட்டைப் பெயர்த்தார். நம்மவர் பக்கத்தில் நின்று, தூசி பறப்பதை மட்டும் ஆட்சேபித்தார். பிறகு புதிய மனு எழுதினார். 'பிழை' என்ற சொல்லைத் தொடவே இல்லை. 'தடை அகற்றப்பட்டபின் அகலம் 6.01' என்று எழுதினார். யார் வைத்த தடை என்ற விவரத்துக்கு, வருந்தத்தக்க வகையில், தாளில் இடம் போதவில்லை.

அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவர் வீட்டெதிர்க் கம்பத்தில், அவர் வீட்டைப் பற்றியே அறிவிப்பு ஒட்டினார்கள். அதில் இரண்டு எழுத்துப்பிழைகள் கண்டுபிடித்தார். ஆனால் மனுப் போடவில்லை. மூலை பெயர்ந்து வந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தார். மகள் குழந்தைகளிடம் சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுவிட்டாள். பெரியவன் ஒரு நிறம், சின்னவள் ஒரு நிறம், இரண்டு நாள் சண்டை.

கெடு முடியும் அன்று பின்தெருவிலிருந்து ஓர் ஆட்சேபணை வந்தது.

நகலைக் கேட்டு வாங்கி, அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். உத்தேச மாடியின் நிழல், மனுதாரரின் துணி காயும் இடத்தில் மாலை எத்தனை மணியிலிருந்து எவ்வளவு நீளம் விழும் என்று மாதவாரியாக அட்டவணை; அதற்குப் பென்சிலில் ஒரு படம். சாய்வு சரி. விகிதம் சரி. இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தார்.

"மறுத்து எழுதுங்க சார். நிழல் அவ்வளவு தூரம் விழாதுன்னு எழுதுங்க," என்றார் அந்தப் பெண்மணி.

அவர் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். இப்படி ஒரு மனுவை இன்னொருவர் எழுதி அவர் பார்த்ததில்லை.

"அளவு சரியாத்தாம்மா இருக்கு," என்றார்.

விசாரணை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. "பரவாயில்லைப்பா," என்று மகள் போனில் சொன்னாள். "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இங்கயே கையெழுத்துப் போட்டுட்டோம்." பின்னால் பேருந்தின் இரைச்சல் கேட்டது. நல்ல அளவு என்று அன்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் தெருக் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்களே, அதைப் படித்தவுடன் உங்கள் மனம் முதலில் எங்கே ஓடியது? வெளிச்சத்துக்கா, சாக்கடைக்கா, வண்டி நிறுத்துகிற இடத்துக்கா? அங்கே குடிவரப் போகிறவர்களிடம் ஓடியதா? ஆமாம், கேட்க மறந்துவிட்டேன்: உங்கள் வீட்டில் துணி எந்தப் பக்கம் காய்கிறது?

'விசாரணைத் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்ற ஒற்றை வரியுடன் அலுவலகத்தின் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: டிசம்பர் 9.