வெள்ளம் நாளைக்கே வரலாம்

பாறசாலை,
செவ்வாய்க்கிழமை மாலை

மதிப்பிற்குரிய சபரிநாதன் அத்தானுக்கு, ஆனந்தவல்லி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்கள் கால் எலும்பு கூடிவருகிறதா, அக்கா உங்களை மாடிப்படி ஏறவிடாமல் காவல் காக்கிறாளா என்று அறிய ஆவல்.

இன்று சொற்பொழிவு முடிந்ததும், "கூட்டத்துக்கு என் பேச்சு பிடித்ததா?" என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. பிடித்தது என்றால் பொய், பிடிக்கவில்லை என்றாலும் பொய். நடந்ததை எழுதுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கைப்பேசியில் தட்டி முடிக்கிற விஷயமில்லை.

எங்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவுகளுக்கு யார் வருவார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஜெபம் செய்யப் போதகர் ராஜதாஸ் வருவார். புள்ளியியல் படித்தவள், தலைகளை எண்ணுவாள் என்று என்னைக் குழுவில் போட்டிருப்பதால் நான் வருவேன். வடை உண்டு என்று தெரிந்தால் மாணவர்கள் வருவார்கள். சிறுதானியம் பற்றிய சென்ற கூட்டத்தில் கீழே இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம். இன்று நான் போனபோது மண்டபம் நிறைந்து வராந்தாவிலும் ஆள் நின்றது. பெரும்பாலும் மேட்டிலுள்ள மேலேவிளைப் பெண்கள், பாதிப் பேர் கையில் குடம். எண்ணத் தொடங்கி, குடத்தைத் தனியாக எண்ணுவதா என்று குழம்பி விட்டுவிட்டேன்.

காரணம் உங்கள் தலைப்பு. "வெள்ளம் எப்போது வரும்?" என்று நீங்கள் திருச்சியில் உட்கார்ந்து, காவேரியை மனத்தில் வைத்து எழுதி அனுப்பினீர்கள். அச்சகத்தில் சுவரொட்டிக்கு அதை மொழிபெயர்க்காமல் அப்படியே மலையாள எழுத்திலும் போட்டுவிட்டார்கள். அத்தான், இந்த ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். உங்கள் கல்யாணத்தன்று எங்கள் சித்தி "மாப்பிளைக்கு வெள்ளம் வேணுமா" என்று கேட்டதும் பதறி எழுந்து நின்றீர்களே, அதே வெள்ளம்தான். இதை நான் கவனித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வீட்டில் நானும் ஒரு கிளாஸ் வெள்ளம் என்றுதான் கேட்கிறேன். அச்சில் பார்த்தபோது அது வேறு சொல்லாகத் தெரிந்தது. மேலேவிளையில் ஓணத்துக்குப் பிறகு குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. அந்த நேரத்தில் சுவருக்குச் சுவர் "வெள்ளம் எப்போது வரும்?" என்று ஒரு பல்கலைக்கழகமே கேட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள். லாரியிலும் வெள்ளம் வருமாம் என்று யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள், அதனால்தான் குடம்.

வாசலிலேயே ஓமனக்குட்டி என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், மேலேவிளையில் வீடு, ரப்பர் பால் வெட்டப் போகிறவள். "டீச்சரே, வெள்ளத்துக்க ஆப்பீசர் எங்க?" என்றாள். ஆப்பீசர் யாரும் இல்லை, என் அத்தான்தான் திரையில் பேசுவார், திருச்சியில் இருக்கிறார் என்றேன். "திருச்சியிலேந்தா நமக்கு வெள்ளம் விடுகினும்? சும்மாயில்ல இஞ்ச வந்து சேராதது."

போதகர் ராஜதாஸ் இந்த ஊர்க்காரர். கூட்டத்தைப் பார்த்ததும் உருகிவிட்டார். "கர்த்தாவே, இந்த மக்களுக்குத் தாராளமாய் வெள்ளம் தரணமே. மேட்டிலும் பள்ளத்திலும் ஒருபோல வெள்ளம் தரணமே" என்று அவர் ஜெபித்தபோது திரையில் நீங்கள் கண்ணைத் திறந்து விழித்ததை மண்டபம் முழுக்கப் பார்த்தது. ஆமென் சத்தத்தில் காது வலிக்கிறது என்று நீங்கள் சைகை காட்டவும், ஒலிபெருக்கி பார்க்கும் உண்ணி எங்கள் பக்கத்துச் சத்தம் உங்களுக்கு வராமல் அடைத்துவிட்டான். அதற்குப் பிறகு உங்களுக்கு நாங்கள் ஊமைப்படம்.

நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். "வெள்ளம் பெரும்பாலும் ஊர் உறங்கும் நேரத்தில்தான் வருகிறது." உள்ளதாக்கும், உள்ளதாக்கும் என்று நாலு பக்கமும் தலையாட்டினார்கள். "முன்னறிவிப்பு உரியவர்களை உரிய நேரத்தில் எட்டுவதேயில்லை." கைதட்டல். இவ்வளவு உண்மை பேசுகிற ஆப்பீசரைப் பார்த்ததில்லை என்று பின்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அப்புறம் நீங்கள், "தாழ்வான பகுதிக்கே முதலில் வெள்ளம் வரும், மேட்டில் இருப்பவர்களுக்கு வராது, அவர்கள் கவலைப்பட வேண்டாம்" என்றீர்கள். மேலேவிளை மொத்தமும் குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டது. அதுதான் நீங்கள் கைகூப்பி ஏற்றுக்கொண்ட மரியாதை. "வெள்ளம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது ஓர் அரசின் முதல் கடமை" என்று நீங்கள் தொடர்ந்ததும், டீக்கடை சதானந்தன் எழுந்து, "கேட்டியளா, கெவுருமெண்டு கடமைய ஒழுங்காட்டுத்தான் செய்யுது. நாமதான் அறியாம ஏசிட்டுக் கெடந்தோம்" என்றார்.

நான் உண்ணியிடம் ஓடினேன், சத்தத்தைத் திற, அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. "வேண்டாம் டீச்சரே, தொறந்தா சாரு பேடிச்சுப் போவாரு" என்றான். நீங்கள் பயந்துவிடுவீர்களாம். வேறு வழியில்லாமல் நானே மைக்கைப் பிடித்தேன். மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். தெளிவாகச் சொல்ல நினைத்து, "தயவுசெய்து கேளுங்கள், வெள்ளம் என்றால் இங்கே வெள்ளம் இல்லை" என்றேன். "அத டீச்சர் சொல்லியா அறியணும்? வெள்ளம் இல்லாதது கொண்டுதானே வந்திருக்கோம்" என்றாள் ஓமனக்குட்டி. மண்டபம் சிரித்தது. நான் மைக்கை வைத்துவிட்டேன்.

இதோடு போயிருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். கடைசியில் நீங்கள் விரலை உயர்த்தி, "வெள்ளம் நாளைக்கே வரலாம், ஆயத்தமாக இருங்கள்" என்று முடித்தீர்களே, அங்கேதான் வினை. ஓமனக்குட்டியின் மகள் லிஜாவைப் பெண் பார்க்கப் பெருங்கடவிளையிலிருந்து வருவதாக இருந்தது. வருகிறவர்களுக்குக் கால் கழுவக்கூட வெள்ளமில்லை என்று இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. பையனின் மாமா முறைத்துக்கொண்டிருக்கிறாராம். உங்கள் வார்த்தை காதில் விழுந்த அந்த நிமிஷமே இவள் போனை எடுத்தாள். "நாளெக்கி சாயங்காலம் வரலாம் கேட்டியளா. வெள்ளம் வருமாம். திருச்சியில உள்ள பெரிய எஞ்சினியர் வாயால சொன்னதாக்கும்."

அவர் சொன்னது மழைவெள்ளம் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். "எந்த வெள்ளமானா நமக்கென்ன டீச்சரே, கொழாயில வந்தாப் போரும்." வராவிட்டால் என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. "வரலைன்னா எனக்க பிள்ளைக்க காரியம் தீந்துது. அந்த மாமன்காரன் மூணாமத்த தடவைக்குச் சம்மதிக்கமாட்டான்."

எதையும் தோராயமாக என்று சேர்க்காமல் நான் சொன்னதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்று சேர்க்காமல் சொல்கிறேன், நாளை வெள்ளம் வராது. ஓணத்திலிருந்து வராதது உங்கள் விரல் அசைவுக்கு வராது. ஆகவே உங்கள் கையெழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்புங்கள். நான் எஞ்சினியர் இல்லை, நான் சொன்னது வெள்ளப்பெருக்கு என்று அதில் தெளிவாக இருக்கட்டும். போதகர் ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிப்பார். பெருங்கடவிளை மாமாவுக்கும் ஒரு பிரதி வேண்டும். இனிமேல் எங்கள் பல்கலைக்கழகத்தில் பேசுவதாயிருந்தால் தலைப்பை முதலில் ஓமனக்குட்டியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு அச்சுக்கு அனுப்புகிறேன்.

அம்மா உங்களுக்கும் அக்காவுக்கும் ஆசி சொல்லச் சொன்னாள். காலில் கட்டுப் பிரித்ததும் எழுதுங்கள்.

பணிவுள்ள,
ஆனந்தவல்லி

பின்குறிப்பு, புதன்கிழமை: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் நிலைமை மாறிவிட்டது. மன்னிப்புக் கடிதம் வேண்டாம். இன்று விடியும்போது மேலேவிளைக் குழாய்கள் எல்லாம் சீறிக்கொண்டு வெள்ளம் வந்தது. வால்வு திறக்கும் மோகனனின் மனைவி நேற்றுக் கூட்டத்தில் இருந்திருக்கிறாள். மேலேயிருந்து உத்தரவு, திருச்சி எஞ்சினியர் நாளைக்கென்று நாள் குறித்துவிட்டார் என்று வீட்டில் போய்ச் சொல்ல, அவர் பயந்துபோய் வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். மத்தியானம்வரை ஊரே பிடித்து நிறைத்தது. ஓமனக்குட்டி தேநீர் வடிகட்டியைத் தவிர எல்லாப் பாத்திரத்திலும் பிடித்தாள். அதற்குமேல் பழைய பைப் தாங்காமல் மேலேவிளை முக்கில் வெடித்தது. ரோட்டில் முழங்காலளவு ஓடியது, நீங்கள் சொல்லும் வெள்ளம். பெருங்கடவிளைக்காரர்களின் கார் அதன் நடுவில் நின்றுபோக, பையனும் மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழத்தட்டைத் தலையில் வைத்து நடந்தே வந்து சேர்ந்தார்கள். நானும் அங்கே இருந்தேன்.

மாமா முற்றத்தில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டே, "வெள்ளம் இல்லாத ஊரு எண்ணுல்லா ரெண்டு தடவ மாத்தினியோ?" என்று கேட்டார். ஓமனக்குட்டி உள்ளே போய்ப் பெரிய டம்ளர் நிறைய வெள்ளம் கொண்டுவந்து நீட்டினாள். அவர் முழுவதையும் குடித்துவிட்டு, பெண்ணைக் கூப்பிடச் சொன்னார்.