கைவிடாத் தோழரும் காது கேளாத டுன்னாவும்

உலகத்தில் தோழமை என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் நார்தம்பிரியா மடத்துக் கவிஞர் ஹன்வால்ட்தான். அதற்கு முன்பும் மனிதர்கள் சேர்ந்து திரிந்திருக்கலாம். ஆனால் அதைக் கன்றுத்தோலில் எழுதிவைக்க ஆள் இல்லை. எழுதாத தோழமை எந்தக் கணக்கில் சேரும்? கவிஞர் குலத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அடியேனும் இதை வழிமொழிகிறேன்.

அவருடைய காவியத்தில் ஆண்டவரின் சீடர்கள் அனைவரும் வேல்வீரர்கள். வலை இழுத்துப் பிழைத்தவர்கள் கையில் கேடயத்தைக் கொடுத்து, தலைவரோடு ஒரே பலகையில் உட்காரவைத்து, தேன்மது ஊற்றியும் கொடுத்துவிட்டார். நடுக்கடலில் புயல் வருகிறது. 'நீங்களாவது தப்பித்துப் போங்கள்' என்கிறார் தலைவர். வீரர்கள் மறுக்கிறார்கள்:

கடல் கொதித்தாலும் கை விடோம்;
கரை கண்டாலும் கூட்டு விடோம்.

மோனை எங்கும் பிசகவில்லை என்பதைக் கவனிக்கவும்.

முகத்துவாரத்துக்கு அக்கரையில் இருக்கும் கன்னியர் மடத்துத் தாயார், திருநாளன்று காவியத்தைப் பாடிக்காட்ட ஆளனுப்பி அழைத்திருந்தார். துறவி தனியாகப் பயணம் போகக் கூடாது என்பது மடத்து விதி. காலைக் கூட்டத்தில் மடத்துத் தலைவர் கேட்டார்: "ஹன்வால்டுக்குத் துணையா யாரு போறீங்க?"

தோழமைக் கவிஞருக்குத் துணை! சபை உணர்ச்சிப் பெருக்கில் தரையைப் பார்த்தது. ஒருவருக்குப் பல்வலி. இன்னொருவருக்கு உலை அணைந்துவிடும் என்ற கவலை. தேனீ வளர்க்கும் இம்மா எழுந்தார்.

"நான் போயிட்டா தேனீயெல்லாம் ஏங்கிப்போயிடும் சாமி."

"பனிக்காலத்துல தேனீ தூங்குமேய்யா?"

"தூங்குறப்பதான் சாமி பக்கத்துல ஆள் வேணும்."

ஹன்வால்டுக்கு வருத்தமில்லை. மேதைகளை நெருங்க மனிதர்கள் கூசுவது இயல்பு என்று அவருக்குத் தெரியும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து டுன்னாவைக் கைகாட்டினார்கள். டுன்னா செவிடர். ஹன்வால்ட் தம் முதல் பாட்டை அவருக்கு வாசித்துக் காட்டிய வாரத்தில் போன காது, பிறகு திரும்பவே இல்லை. அன்றிலிருந்து தினமும் மாலையில் ஹன்வால்ட் வாசிப்பார், டுன்னா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்குவார். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. விமர்சகர் என்றால் அவரல்லவா விமர்சகர்!

படகு பாதி வழி போனதும் காற்று திரும்பியது. டுன்னா ஒரு கணம் துடுப்பு வலித்தார், மறுகணம் மரக்குவளையால் தண்ணீர் இறைத்தார். ஹன்வால்டும் உதவியிருப்பார். ஆனால் காவியப் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அப்போதுதான், கேட்பதற்கு யாருமில்லை என்ற துணிவில், அவர் வாய்விட்டு வேண்டினார்.

"ஆண்டவரே, ஒருத்தன் போதும்னா இந்தச் செவிடனை எடுத்துக்கிடும்! இவன் இல்லேன்னா யாருக்கும் ஒண்ணும் குறையாது. நான் போயிட்டா தோழமையைப் பத்தி எழுத இந்த நாட்டுல யாரு இருக்கா?"

டுன்னாவின் தலை ஆடியது. அலைதான் ஆட்டுகிறது என்று ஹன்வால்ட் நினைத்தார்.

ஆண்டவர் இருவரையுமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். கரை வந்தது. உலர்ந்த உடை வந்தது. விலாங்குமீன் குழம்பும் வாற்கோதுமை ரொட்டியும் வந்தன. ஹன்வால்ட் யாழை எடுத்துப் பாடினார். 'கரை கண்டாலும் கூட்டு விடோம்' என்ற இடத்தில் கன்னியர் விசும்பினார்கள். தம் பாட்டில் தாமே கரைந்து அவரும் ஒரு துளி விட்டார்.

தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த டுன்னாவிடம் மெல்லக் கேட்டார்: "புயல்ல மாட்டிக்கிட்டீங்களாமே. உங்க தோழர் அப்ப எப்படி இருந்தார்?"

"அவனுக்குக் காது கேக்காது தாயே. இருங்க, நான் கத்திச் சொல்றேன்" என்று ஹன்வால்ட் வாயைக் குவித்தார்.

"கேக்கும் தாயே" என்றார் டுன்னா, ரொட்டியைப் பிட்டபடி.

ஹன்வால்டின் வாய் குவிந்தபடியே நின்றது. படகில் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. கேவலமாக இருந்தது. இவ்வளவு பேர் முன்னால் இவன் அதைச் சொன்னால் காவியம் போயிற்று, பெயர் போயிற்று.

டுன்னா மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "வழியெல்லாம் ஜெபம்தான் தாயே. தன்னைப் பத்தி நெனைக்கவே இல்ல. ஆண்டவர் என்னைத் தன்கிட்ட சேத்துக்கணும்னு அழுதுல்ல கேட்டாரு!"

"எப்பேர்ப்பட்ட அன்பு!" என்றார் தாயார். சபை மறுபடி விசும்பியது. ஹன்வால்டால் மட்டும் இந்த முறை ஒரு துளிகூட விட முடியவில்லை.

மறுநாள் படகுத்துறைக்கு நடக்கும்போது அவர் கேட்டார்: "இத்தனை வருஷமும் கேட்டுச்சா?"

"ஒரு வரி விடாம."

"அப்புறம் எதுக்குய்யா செவிடன் வேஷம்?"

"காது கேக்குதுன்னா, பாட்டு எப்படியிருக்குன்னு கேப்ப. நான் உள்ளதைச் சொல்லுவேன். நீ பேசாம போயிடுவ. சாயங்காலம் பக்கத்துல வந்து உக்கார எனக்கு வேற யாருய்யா இருக்கா?"

ஹன்வால்ட் காவியப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.

வடக்கே வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. டுன்னா படகில் ஏறி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். காவியப் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, மரக்குவளையை எடுத்து ஹன்வால்டிடம் நீட்டினார்.

"இந்தா, இந்தத் தடவை நீ தண்ணி இறை. நான் ஜெபம் பண்றேன்."