பனிக்குச் சாகாத ரோஜா

யூஜின் நகத்தால் பட்டையைச் சுரண்டினான். அடியில் பச்சையே இல்லை. அடுத்த கிளையைச் சுரண்டினான். அதுவும் விறகுதான். கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. ரோஜாச் செடி செத்துக் கிடந்தது.

"அது சித்திரையிலயே போயிடுச்சுங்க," என்றாள் மனைவி வேளாங்கண்ணி. "நீங்கதான் பொணத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கீங்க."

கல்லறையில் நின்று பேசுகிற பேச்சா இது? ஆனால் அது அவர்கள் மகளின் கல்லறை. காய்ச்சலில் போனவள். பேர் ரோசா. பெற்றவளை அங்கே வைத்து யார் அதட்டுவது?

மகள் பேருக்கேத்த பூ அவள் தலைமாட்டில் பூக்கும் என்று கோயில் வாசலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான் யூஜின். சந்தையில் கிடைக்கிற பன்னீர் ரோஜா அவனுக்குப் போதவில்லை. பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்தான். கூடவே வந்த புத்தகத்தில், எப்பேர்ப்பட்ட பனிக்கும் இந்தச் செடி சாகாது என்று போட்டிருந்தது. யூஜின் கோர்ட்டு குமாஸ்தா. பிரெஞ்சு நன்றாகப் படிப்பான். பனிக்கே சாகாதது வெயிலுக்கா சாகும் என்று அவனே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

"பனியில பொறந்த தொரைங்க, வைகாசி வந்தா ஏன் பெங்களூருக்கு ஓடுறாங்க?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"மனுசன் வேற, செடி வேறடி."

"ஆமா. செடிக்கு ஓடக் கால் இல்ல."

இப்போது அவன் மறுபடி புத்தகத்தைப் புரட்டினான். "இங்க பாரு. வருசா வருசம் இதுக்குக் குளிர் வேணுமாம். குளிர்லதான் தூங்குமாம். தூங்கி எழுந்தாத்தான் துளிர் விடும். நம்ம ஊர்ல அதுக்குத் தூக்கமே இல்ல."

"எனக்குந்தான் இல்ல. என்னா பண்ணப்போறீங்க?"

"ஐஸ் வெக்கப்போறேன்."

 சண்டை வரும் என்று யூஜின் எதிர்பார்த்தான். வரவில்லை.

"வையுங்க. ஆனா தண்டுக்கிட்ட வெக்காதீங்க, அழுகிடும். சுத்தி ஓரமா வையுங்க. வேரு நிழல்ல இருக்கட்டும்னு அங்க ஏதோ ஒரு செடி நட்டிருக்கேன். மிதிச்சிடாதீங்க."

அவள் தன் பேச்சைக் கேட்டுவிட்டாள்! யூஜினுக்குத் தலைகால் புரியவில்லை.

தினமும் ஐஸைச் சாக்கில் சுற்றி, புஸ்புஸ் என்கிற தள்ளுவண்டியில் ஏற்றி, ஒருவன் தள்ள, பக்கத்திலேயே நடந்தான். பாதி ஐஸ் ரோட்டிலேயே ஒழுகிப் போனது. குருசுக்குப்பத்து மீன்காரி ஒருத்தி மறித்தாள்.

"என்னா மீனு சாரே?"

"மீன் இல்ல. கல்லறைக்கு."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு விலகினாள்.

திருநாளும் வந்தது. ரோஜா துளிர்க்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு நித்தியகல்யாணி, மண் தெரியாமல் பூத்துக் கிடந்தது. நடுவில் அந்தக் கறுப்புக் குச்சி.

மகளின் ஞானத்தகப்பன் சகாயநாதன் மெழுகுவத்தியோடு வந்து நின்றான். கூட நாலு குடும்பம்.

"ஏன்டா யூஜின், இதான் உன் பிரான்சு பூவா? இது எங்க வீட்டுச் சாக்கடையோரம் கிடக்குதேடா!"

 வேளாங்கண்ணி எழுந்தாள்.

"குப்பத்து மணல்லேர்ந்து பிடுங்கியாந்தேண்ணே. வெயிலுக்கும் சாவாது, உப்புக் காத்துக்கும் சாவாது. நம்ம ஊர்ல பொறந்தது. ஆனா நட்டதோட சரி, நான் ஒண்ணும் பண்ணல. வளத்தது பூரா அவருதான். தினம் ஐஸ் தண்ணி!"

கல்லறை என்றும் பார்க்காமல் எல்லாரும் சிரித்தார்கள். சகாயநாதன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். குனிந்து ரோசாவுக்கு வத்தி ஏற்றினான். ஓரம் ஓரம் என்று அவள் சொன்னது எதற்கென்று யூஜினுக்கு அப்போதுதான் விளங்கியது.

கூட்டம் கலைந்தது. மேகம் கறுத்தது.

"மழை வருது," என்றாள் வேளாங்கண்ணி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "போதுங்க. அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போட்டுட்டு வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். யூஜின் குச்சியைப் பிடித்தான். செத்த செடிதான். முள் மட்டும் குத்தியது. மழை இறங்குகிற வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

பிடுங்கவில்லை.