கொள்கை அளவில் ஒரு கல்யாணம்

எந்தச் சீர்திருத்தத்தையும் தன் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வரவேற்கிற மனிதர்கள் ஒரு தனி இனம். கொரட்டூரில் ஒருவர் இருக்கிறார். பெயர் சுப்பராயன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நான்கு போர்ஷன்களுக்கு வீட்டுக்காரர். உங்கள் தெருவிலும் இருப்பார், வேறு பெயரில்.

சுப்பராயனைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான். மதம் மாறாமல், சடங்கு இல்லாமல், சட்டப்படி கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் ஏன் சார்பதிவாளர் ஆபீசில் போய் நிற்க வேண்டும்? ஏரிக்கரையில் நடக்க வந்தவரை நிறுத்தி, ஸ்டேஷன் எதிரே டீ குடிப்பவரை மடக்கி, வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் போட்டவரையும் விடாமல் கேட்பார்.

"மனை பதிய வந்தவனும் மாலையும் கழுத்துமா வந்த பொண்ணும் ஒரே பெஞ்சுல உக்காரணுமா? ஏரிக்கரையில பண்ணட்டும், மொட்டை மாடியில பண்ணட்டும். அதிகாரி தேடிப் போகட்டும். சட்டத்தை மாத்துங்கய்யா."

கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்ட என்ன செலவு?

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் அருள் மட்டும் அதை நிஜமென்று நம்பிவிட்டான். அவனுக்கும் அவனோடு வேலை பார்க்கும் ரேஷ்மாவுக்கும் கல்யாணம். அவன் இந்து, அவள் முஸ்லிம். இருவரும் அப்படியே இருக்க விரும்பினார்கள். நோட்டீஸ் கொடுத்துக் காத்திருந்து தேதியும் வாங்கியாயிற்று. ஆனால் ஆபீஸ் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. அருளின் அம்மா பொன்னியம்மாவுக்கோ பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே பிள்ளை. அவன் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அருள் வீட்டுக்காரரைத் தன் வாசலிலேயே பிடித்தான்.

"சார், விசாரிச்சேன். சட்டத்த மாத்தவே வேணாமாம். மனு குடுத்து, தனியா கட்டணம் கட்டினா, பக்கத்துல நாம சொல்ற எடத்துக்கு அதிகாரியே வருவாராம். ஏற்கனவே கீதாம் சார். நம்ம ஊட்லயே பண்ணிக்கட்டுமா? பத்து பேருதான்."

'ஏற்கனவே' என்றதும் சுப்பராயன் முகம் வாடிவிட்டது. வருஷக்கணக்காகத் தோள் கொடுத்துத் தள்ளிய கதவு திறந்தேதான் இருந்தது என்று தெரிந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்கும்?

"கொள்கை அளவில் நான் உன் பக்கம்பா. ஆனா..."

கேட்டுக்கு இப்போதுதான் பெயிண்ட் அடித்திருக்கிறது, மேல் போர்ஷன்காரர்கள் விரதம் இருக்கிறவர்கள், அன்றைக்குத் தண்ணீர் லாரி வரும், பத்துப் பேர் நூறு பேர் ஆவார்கள், நூறு பேரில் ஒருவன் தகராறு செய்வான், தகராறு என்றால் போலீஸ் வரும், போலீஸ் வந்த வீட்டுக்கு அப்புறம் யார் குடிவருவார்கள்?

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. தெருதான் ஒரு மாதிரி."

தெருவைக் கேட்டாரா? கேட்கவில்லை. தெரு சொல்ல வேண்டியதை எல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

உள்ளே கட்டிலில் கிடந்த பொன்னியம்மா குரல் கொடுத்தாள். "வுட்றா நைனா. அவரு ஊர்ல கீற எடத்தையெல்லாம் தாராளமா குடுக்கிற மனுசன். சொந்த ஊட்ட கேட்டா பாவம், இன்னா பண்ணுவாரு?"

கல்யாணத்தன்று சார்பதிவாளர் ஆபீஸ் படியில் நண்பர்கள் பொன்னியம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலிக் கால் வளைந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பயப்படாத பெரிம்மா," என்றான் பின்கால்களைப் பிடித்திருந்த வேம்புலி. "பல்லக்குல வர்ற நீதான் பொண்ணுன்னு நெனச்சிக்கப் போறாங்க. சார், ஒரு கை புடிங்க சார்."

சார் அங்கேதான் இருந்தார். எல்லோருக்கும் முன்னால், பட்டுச் சட்டையில், பூங்கொத்தோடு வந்திருந்தார். மனை பதிய வந்தவர்களிடம் அந்த நாற்காலியைக் காட்டி, "பாருங்க, ஒரு தாயை எப்படிக் கஷ்டப்படுத்துறாங்க. என்ன சமுதாயம் சார் இது?" என்று கொதித்துக்கொண்டிருந்தார். வேம்புலி கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

பொன்னியம்மா மேலே போய்ச் சேர்ந்தாள். மகன் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து அழுதாள். கீழே இறங்கவும் அதே நாற்காலிதான்.

உங்களுக்குச் சுப்பராயன் மேல் கோபம் வருகிறது, இல்லையா? வரட்டும். அருளையும் ரேஷ்மாவையும் மனதார வாழ்த்தியும் இருப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். வாழ்த்தும்போது, அந்தக் கல்யாணம் யார் வீட்டில் நடப்பதாக நினைத்துக்கொண்டீர்கள்?