என்ன கூட்டமுங்க?

சாதி, இனம், ஊர், நிறம் எதையும் பார்க்காமல் வாக்களிக்கும் வார்டு ஒன்று இப்பூவுலகில் உண்டென்றால், அது திருப்பூரில் இருக்கும் எங்கள் வார்டுதான். வேறு யாரும் இதைச் சொல்லாததால் நாங்களே சொல்லி, நாங்களே தீர்மானம் போட்டு, நாங்களே கைதட்டியும் கொண்டோம். 2006 உள்ளாட்சித் தேர்தலுக்கென்றே 'சாதி பாரா வாக்காளர் பேரவை' அமைத்தோம். பனியன் துணி வியாபாரி அய்யாசாமி தலைவர். பத்துத் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் அடியேன் செயலாளர். மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் எங்கள் சொந்தக்காரர்கள். அப்புறம் சாதி பார்க்க வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது?

எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு குறை. நகராட்சிக் குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை. போர் தண்ணீர்தான். மேட்டில் இருக்கும் சாயப்பட்டறைக்கு என்ன நிறத்தில் ஆர்டரோ, அந்த நிறத்தில் வரும். காலையில் பக்கெட்டைப் பார்த்தாலே ஐரோப்பாவில் இந்த வருஷம் என்ன கலர் ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒரு வசதி எத்தனை ஊருக்கு வாய்க்கும்? என் மனைவி ரங்காத்தாளுக்குத்தான் வியாபார ஞானம் போதாது.

"ஏனுங்க, புள்ளைக்குத் தண்ணி ஊத்தி உட்டா ஒடம்பெல்லாம் தடிச்சுக்குதுங்க" என்று எங்கள் நாலு வயது மகள் தரணியின் முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

முதுகு சிவந்துதான் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வேட்பாளர்களிடம் முதல் கேள்வியாகத் தண்ணீரைப் பற்றிக் கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

பேரவை நடத்திய 'தகுதி ஆய்வு'க்கு முதலில் வந்தவர் முத்துப்பேச்சி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு குடமும் கையுமாக நகராட்சியில் போய் உட்கார்ந்தவர். வார்டு உறுப்பினர் விடாமல் கேட்டால் குழாய் வந்துவிடும் என்பது வரை விசாரித்து வைத்திருந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் அய்யாசாமி. "நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க. ஆனா ஆளு ஆருன்னு தெரியோணுமில்லீங்களா? நீங்க என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கம் ஒருவர் எந்தக் குலம் என்று அறிய இப்படித்தான் கேட்போம். கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் எதைக் கேட்டாலும் மரியாதைதான்.

முத்துப்பேச்சி தெற்கே இருந்து வந்தவர். திரும்பிப் பின்னால் பார்த்தார். "கூட்டமா? நான் ஒத்தையிலதான வந்திருக்கேன், அண்ணாச்சி."

"அதில்லீங்க. உங்க கூட்டம் எதுங்க?"

"ஓ, குடத்தோட நகராட்சிக்குப் போனமே, அந்தக் கூட்டமா? நம்ம தெருப் பொம்பளைக பூராவும் வந்தாக. இந்தா, இந்த அண்ணாச்சி வீட்டு அக்காகூட வந்தாக."

நான் மின்விசிறியை ஆராய்ந்தேன்.

"செரி, எந்தூருங்க?"

"இந்த ஊருதான். இருவது வருசமாச்சு."

"அதுக்கு முந்திங்க?"

"கோவில்பட்டிப் பக்கம்."

"அதுக்கும் முந்திங்க?"

"அதுக்கு முந்தி எங்க அம்மை வயித்துல இருந்தேன், அண்ணாச்சி."

அவர் போனதும் 'வேட்பாளருக்குக் கூட்டம் இல்லை' என்று ஆய்வின் முடிவை அறிவித்தார் அய்யாசாமி. "நல்ல பொம்பளைங்க. ஆனா ஷேட் மேட்ச் ஆகலீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். அது துணி வியாபாரத்தில் சொல்வது. ஒரே ஆர்டரில் நிறம் கொஞ்சம் மாறினாலும் வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அவர் முத்துப்பேச்சியின் கருப்பைச் சொன்னதாக யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. நாங்களும் கருப்புதான். எங்களுடையது உள்ளூர்க் கருப்பு.

அடுத்து வந்தார் ஆத்தப்பன். மேட்டுச் சாயப்பட்டறையின் முதலாளி.

"என்ன கூட்டமுங்க?"

சொன்னார்.

"அட, நம்ம பங்காளிங்க!" என்று அய்யாசாமி எழுந்து கட்டிக்கொண்டார். டீ வந்தது, வடை வந்தது. தண்ணீரைப் பற்றிக் கேட்க நான் வாயைத் திறந்தேன். வாய் நிறைய வடை இருந்தது. சாதி பாராமல் தகுதியை மட்டுமே சீர்தூக்கிப் பார்த்து ஆத்தப்பனை ஆதரிப்பது எனப் பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஓட்டுப் போடப் போகிற காலையில் ரங்காத்தாள் கேட்டாள்: "ஆருக்குங்க போடறீங்க?"

"தகுதி பாத்துத்தான்."

"தண்ணிக்கு அலைஞ்சது அந்தப் பொம்பளதானுங்க."

"அதுக்குன்னு நம்மாள உட்டுப் போட்டு..."

"ராவெல்லாம் சொறிஞ்சுட்டுக் கெடக்கறவ நம்மாளு இல்லீங்களா?"

வாக்கு என்பது ரகசியம், வாசலில் நின்று பேசக் கூடாது என்று அவளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தேன். ஆனாலும் மறைப்புக்குள் நின்றபோது கை தயங்கியது. தரணியின் முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. உடனே அதற்குப் பின்னால் என் பாட்டன், பூட்டன், அவருடைய பங்காளிகள் என்று வரிசையாக வந்துவிட்டார்கள். வாக்குச்சாவடிக்குள் அத்தனை கூட்டம் கூடாது. சட்டுப்புட்டென்று போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆத்தப்பன் அமோகமாக ஜெயித்தார். பட்டாசு வெடித்தோம். மறுநாள் தண்ணீரும் நல்ல சிவப்பாக வந்தது. நானும் அய்யாசாமியும் பேரவை சார்பில் போய், பக்குவமாக விஷயத்தைச் சொன்னோம்.

"குழாய் வந்தா வரட்டுமுங்க, என்ன அவசரம்? அதுக்காவ பங்காளிகளே வந்து பட்டறையக் கொறை சொன்னா நான் எங்கீங்க போவேன்?" என்று ஆத்தப்பன் கண் கலங்கினார். நாங்களே அவரைத் தேற்றினோம். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம். அருமையான டீ. அவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்தான்.

அந்த வாரமே தரணிக்கு உடம்பெல்லாம் புண்ணாகிக் காய்ச்சலும் வந்தது. தூக்கிக்கொண்டு பல்லடம் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் சட்டையை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"பச்சப் புள்ளைய எதுலம்மா குளிக்க வெச்சீங்க? இது என்ன தண்ணி?"

செயலாளர் என்ற முறையில் நான் விளக்கம் அளிக்க முன்வந்தேன். ரங்காத்தாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு ஓட்டுப் போட்டு வாங்கியாந்த தண்ணிங்க."