நெல்லூர்க்காரர்களுக்கு ஒரு பூட்டு

"பூட்டு வந்துச்சா மாமா?" என்று சென்னையிலிருந்து போனில் கேட்டாள் இனியா.

"எங்கம்மா வந்துச்சு! சிவப்பாதான் வருது" என்றார் புகழேந்தி. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை நனைந்துவிட்டது. மணி இரண்டரை.

கிரிவலப் பாதையில் இருக்கும் சடையன் லாட்ஜுக்குப் புகழேந்தி பதினாறு வருஷமாக மேனேஜர். எந்தச் சாவி எந்த அறைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கம்ப்யூட்டர் விஷயத்தில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் அவருக்கு ஒன்றுதான்.

அடுத்த வாரம் பௌர்ணமி. நெல்லூரிலிருந்து அறுபது பேர் வருகிறார்கள். இருபது அறை வேண்டும். ஆனால் லாட்ஜின் வெப்சைட்டைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறதாம். ஐந்து மணிக்குள் வெப்சைட் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பானது' என்று காட்டும் பூட்டுப் படம் வராவிட்டால் வேறு லாட்ஜ் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

முதலாளி சடையன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "அவங்க வேற லாட்ஜ் பாத்தா, நீ வேற வேலை பாத்துக்க."

புகழேந்தியின் அக்கா மகள் இனியாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெப்சைட்டுக்கு ஒரு சான்றிதழ் வாங்கி மாட்டினால் பூட்டு வந்துவிடும், பத்து நிமிஷ வேலை என்றாள். அவள் சொன்ன இடத்திலெல்லாம் அமுக்கினார். சான்றிதழ் வந்தது, மாட்டியும் ஆயிற்று. வெப்சைட்டைத் திறந்தால் திரை நிறையச் சிவப்பு முக்கோணம், 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கையோடு.

"எனக்கு இங்க பூட்டு நல்லா தெரியுதே மாமா."

"உனக்குத் தெரிஞ்சு என்னம்மா பிரயோஜனம்? உனக்கா ரூம் குடுக்கறேன்? நம்ம கம்ப்யூட்டர்லயே வராதது நெல்லூர்லயா வரும்?"

இனியா யோசித்தாள். "உங்க கம்ப்யூட்டர்ல பழசு ஏதாவது தங்கியிருக்கும். எல்லாத்தையும் துடைச்சிடுங்க."

துடைத்தார். அவருக்காகக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்த பாஸ்வேர்டும் சேர்ந்து துடைபட்டது. வரவேற்பில் இருக்கும் நந்தினி மேஜை டிராயர்களை எல்லாம் கவிழ்த்து, பழைய கரண்டு பில் ஒன்றின் பின்பக்கத்தில் அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. திறந்து பார்த்தார்கள். சிவப்பு அப்படியே இருந்தது.

"அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்றேன் போல" என்று இனியாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "புதுசா ஒண்ணு வாங்கிப் பாக்கலாம் மாமா."

வாங்கினார்கள். சிவப்பு. மூன்றாவது. சிவப்பு. நான்காவது வரும்போது புகழேந்தி மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதுவும் சிவப்பு. ஐந்தாவதுக்கும் அதே கதி.

"அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதோ என்னமோ. எல்லாத்தையும் அழிச்சிட்டு, சுத்தமா ஒண்ணு வாங்கிடலாம்" என்றாள் இனியா.

ஐந்தையும் அழித்தார். ஆறாவது கேட்டார். 'வாரத்துக்கு ஐந்து சான்றிதழ்தான். அடுத்த வாரம் முயலவும்' என்று பதில் வந்தது.

புகழேந்தி கடிகாரத்தைப் பார்த்தார். பதினாறு வருஷ உத்தியோகம் பத்து நிமிஷ வேலையில் போகப் போகிறது. பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் என்னவென்று சொல்வார்?

நாலே முக்காலுக்கு முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யோவ், நெல்லூர்லேர்ந்து போன்! மத்தியானமே பூட்டு வந்துடுச்சாம், சந்தோஷமா ரூம் போடலாம்னு இப்ப உக்காந்தா வெப்சைட்டையே காணோமாம். என்னய்யா பண்ண?"

போனில் இனியா கத்தினாள். "மாமா! அப்ப முதல் வாட்டியே சரியாதான் வந்திருக்கு, நாமதான் அதையும் சேத்து அழிச்சிட்டோம்! உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் கோளாறு. அந்தச் சிவப்புப் பக்கம் எதனா மூடாம இருக்கா? கீழ சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கு?"

ஒன்று மூடாமல் கிடந்தது. புகழேந்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "'இந்தச் சான்றிதழ் நாளைய தேதியில் வழங்கப்பட்டுள்ளது. இன்னும் செல்லாது.'"

"நாளைக்கா? இன்னைக்குதானே வாங்கினோம்! மாமா, உங்க கம்ப்யூட்டர்ல தேதி ஒரு நாள் பின்னாடி இருக்கு. யாரோ மாத்தியிருக்காங்க."

சடையன் முகம் கறுத்தது. மேஜையை ஓங்கித் தட்டினார். "எவன்யா தேதியில கை வச்சது? இப்பவே சொல்லுங்க. புகழேந்தி இல்ல, அவனைத்தான் இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பப் போறேன்!"

நந்தினி மெதுவாக எழுந்து நின்றாள்.

"நீங்கதானே மொதலாளி காலையில சொன்னீங்க, இன்னைக்கு அஷ்டமி, புது வேலை ஆரம்பிக்கக் கூடாது, கம்ப்யூட்டர்ல நேத்து தேதியை வச்சிடுனு!"